வெள்ளிக்கிழமை நீ ஏறப்போகும் விமானம்

யமுனா,

நீ வங்கிக்குப் போயிருக்கிறாய். அங்கிருந்து தையல்கடைக்கும் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றாய். உன் பெட்டிகள் இரண்டும் கூடத்தில் திறந்தபடி கிடக்கின்றன. அப்பா வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் நீ அவரைத் தாண்டித்தான் போனாய். படிக்கிறார் என்று நினைத்திருப்பாய். நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், சண்டையில் விஷயம் நழுவிவிடும். இந்த வீட்டில் பெரிய பேச்சுகள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. அதனால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். அதையும் ஒரு தடவை என் பக்கமிருந்து படித்துப் பார்.

ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் நீ நியூசிலாந்துக்குப் போகிறேன் என்றபோது அப்பாவுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. "வேலையா, விடுமுறையா? ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுவது என்று நீ விளக்கினாய். நான் தடுக்கவில்லை. படிப்பு முடித்த பிள்ளை, உலகத்தைப் பார்க்கட்டும் என்றிருந்தேன். நீ போய் நாலைந்து மாதம் கழித்து, "அம்மா, வந்து என்னோட கொஞ்ச நாள் இருங்களேன்" என்று போனில் கூப்பிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊறுகாய், மிளகாய்த்தூள், உனக்குப் பிடித்த முறுக்கு என்று பெட்டியை நிரப்பினேன். ஆக்லாந்து விமான நிலையத்தில் அதிகாரி ஊறுகாயை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்தேன். நீ ஓடி வந்து கட்டிக்கொண்டாய். ஆனால் என் தோளில் முகத்தை வைத்திருந்த நேரமெல்லாம் நீ சுற்றிலும் யாரையோ தேடுவது போலத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாய்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் அந்தப் பழைய மரவீட்டின் முன்பக்க அறைகள் இரண்டு உன்னுடையவை. பின்பக்கம் செல்வராணி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், சண்டைக்கு நடுவில் ஊரை விட்டு வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். வந்த அன்றே எனக்குச் சில விஷயங்கள் உறுத்தின. பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடி வைத்திருந்தாய். கேட்டால், குளிருக்கு என்றாய். பஸ்ஸில் வரும்போது வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்காமல் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, தினம் ஒரு தெரு வழியாகச் சுற்றி வந்தாய். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்றாய். முதலில் வேலை பார்த்த மனுரேவா கிடங்கை விட்டுவிட்டு, த்ரீ கிங்ஸ் கடைவளாகத்தில் படுக்கை விரிப்பு விற்கும் கடையில் சேர்ந்திருந்தாய். சம்பளம் குறைவு. கேட்டால், கிடங்கு தூரம் என்றாய். எல்லாவற்றுக்கும் உன்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பதினோரு வயதில் விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் கையை முறித்துக்கொண்டு, நீளக்கைச் சட்டை போட்டு மறைத்து, ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த பிறகுதான் மயங்கி விழுந்தாயே, அப்போது உன் முகத்தில் இருந்த அதே சிரிப்பு. நான் அதை அடையாளம் கண்டேன். வந்த இடத்தில் பிள்ளையைத் துளைத்தெடுக்க வேண்டாம் என்று சும்மா இருந்தேன்.

நீ வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் நான் தனி. வெளியே தூறல் நிற்காது. "போன் வந்தா எடுக்காதீங்க அம்மா, சாமான் விக்கிறவங்க தொந்தரவு" என்று சொல்லியிருந்தாய். ஆனால் மத்தியானம் கூப்பிடுவதாக அப்பா சொல்லியிருந்தாரே, எப்படி எடுக்காமல் இருப்பது? எடுத்தேன். பதில் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. மலேசியாவிலிருந்து, அதுவும் நம் கிளாங்கிலிருந்து கூப்பிட்டால் லைன் அப்படித்தான், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் என்று அப்பாவே சொல்லியிருந்தார். "உங்க குரல் கேக்கல. நான் பேசுறது கேக்குதா? சரி, நானே பேசுறேன்" என்று ஆரம்பித்தேன். குளிரைப் பற்றிச் சொன்னேன். நீ இளைத்திருப்பதைச் சொன்னேன். உன் கடை எங்கே இருக்கிறது, எந்தக் கிழமை உனக்கு ஓய்வு, எல்லாம் சொன்னேன். புருஷனிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வேன்? மறுநாளும் மணி அடித்தது. அதற்கடுத்த நாளும்.

அந்தச் சுடுதண்ணீர் அலமாரிக் கதையை நினைவிருக்கிறதா? வீட்டு நடையில், சுடுதண்ணீர்த் தொட்டியை உள்ளே வைத்துக் கதவு போட்ட சின்ன அலமாரி. துணி உலர்த்துவதற்காக. அந்த வீட்டிலேயே கதகதப்பான ஒரே இடம். ஒரு நாள் குளிர் தாங்காமல் நான் அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். துவாலை எடுக்க வந்த செல்வராணி கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்து அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்தக் கதையைத்தான் அன்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "துவாலையோட துவாலையா நானும் காஞ்சிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. அப்பாவின் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அது இளம் ஆளின் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சிரிப்பதைப் போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. போனை வைத்துவிட்டேன். கையை எடுக்கும் முன்பே மறுபடி அடித்தது. ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்தேன்.

"அம்மா, பாதியில நிறுத்தாதீங்க. கதவைத் திறந்தாங்களே, அப்புறம் என்ன ஆச்சு?" என்றான்.

பணிவான குரல். நம் ஊர்ப் பேச்சு.

நீ வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாய். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாய். கிடங்கில் உன்னோடு வேலை பார்த்தவன், சிரம்பான் பையன், அங்கேயே சில வருஷமாக இருப்பவன். முதலில் காரில் கூட்டிப்போய் விட்டான். நம் ஊர்க்காரன், மரியாதையாகப் பேசுகிறான் என்று வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றிக் கதை பேசினாய். திடீரென்று ஒரு நாள், நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகக் கிடங்கு முழுவதும் சொல்லிவிட்டிருந்தான். நீ வேண்டாம் என்றாய். அவன் கோபப்படவில்லை. "இப்ப உனக்குப் புரியல, பரவாயில்ல" என்றானாம். அதன்பின் நீ இறங்குகிற இடத்தில், சாப்பிடுகிற இடத்தில், துணி துவைக்கிற கடையில், எங்கே போனாலும் சற்றுத் தள்ளி நின்றான். வீடு மாற்றினாய், வேலை மாற்றினாய். அவன் எப்படியோ போன் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டான். வேலை மாலையில்தான் என்பதால் பகலெல்லாம் அவனுக்கு ஓய்வு.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வீட்டுக்குக் கூப்பிட்டுருவீங்க."

"பின்ன? நாளைக்கே டிக்கெட் போடு, கிளம்பலாம்" என்றேன்.

"பாத்தீங்களா?" என்றாய்.

சத்தம் கேட்டு வந்த செல்வராணி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நான் அவளிடம், "பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசையில். அவள் என்னைத் தேற்றவில்லை. "அக்கா, உங்களுக்குப் பயமாக் கிடக்குதெண்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் பயத்தைச் சின்னதாக் கதைக்கிற ஆள் இல்லை. வாங்கோ, போலீசிட்டப் போவம்" என்று கோட்டை மாட்டிக்கொண்டாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டார், பொறுமையாகக் கேட்டார். அவன் மிரட்டினானா என்றார். இல்லை. கை வைத்தானா? இல்லை. என்னதான் சொன்னான்? நீ அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னாய். அம்மா, பாதியில் நிறுத்தாதீர்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். அந்த மொழியில் அது ஒன்றுமே இல்லாத பேச்சாகிவிட்டது. அதற்குள் இருந்த விஷம் எனக்கும் உனக்கும் செல்வராணிக்கும் மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் அவர் அந்தப் பையனின் பெயரைக் குறித்துக்கொண்டார், அடுத்து எதுவானாலும் உடனே வரச் சொன்னார்.

அதன்பின் உன்னைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தினமும் உன்னோடு த்ரீ கிங்ஸ் வந்து, உன் கடைக்கு எதிர்ப்பெஞ்சில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ விரிப்புகளை மடிப்பது தெரியும். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, நல்ல கூட்டம், ஒரு பையன் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. பெட்டி தூக்கித் தூக்கி வெடித்துப்போன கைகள். எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய பிள்ளை. நான் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தேன்.

"அந்தக் கதையை நீங்க முடிக்கவே இல்லையே, அம்மா" என்றான்.

அவன் உன்னைப் பார்க்கவே இல்லை, என் கையிலிருந்த பின்னலைத்தான் பார்த்தான். மெதுவாகப் பேசினான். "எங்க அம்மா கல்யாணப் பொடவைகூட எடுத்து வச்சிட்டாங்க. போன வாரம் கிளாங்குக்குப் போயி உங்க வீட்டைப் பாத்துட்டு வந்தாங்க. மூலை வீடு, வாசல்ல நீலத் தொட்டி. அங்கிள் நல்லா இருக்காராம். முட்டி வலிதான் கொஞ்சம் அதிகமாம். நீங்க இங்க ரொம்ப நாள் தங்கிட்டீங்கல்ல, பாவம், தனியா சமைச்சிச் சாப்பிடுறாரு."

யமுனா, அதுவரை ஆபத்து அந்த ஊரில் இருக்கிறது, விமானம் ஏறிவிட்டால் விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் அந்த நினைப்பும் போய்விட்டது. எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். "திஸ் மேன் ஃபாலோ மை டாட்டர்! திஸ் மேன்!" தள்ளுவண்டிகள் நின்றன. எல்லாரும் திரும்பினார்கள். அவனும் எழுந்தான், என் தோளைப் பரிவோடு தொட்டான், சுற்றி நின்றவர்களிடம் வருத்தமாகச் சிரித்து, என் ஆன்ட்டிக்கு மனநிலை சரியில்லை, மன்னியுங்கள் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னான். அவர்கள் நம்பினார்கள். ஒரு பெண்மணி இரக்கத்தோடு எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் என் முழங்கையைப் பிடித்து வெளிவாசல் பக்கம் நடத்தினான். ஒருவரும் தடுக்கவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து அடி தூரத்தை நான் இன்னும் கனவில் நடக்கிறேன்.

நீ கடையை விட்டு வெளியே வந்தாய். ஓடவில்லை. நேராக வந்து வழியை மறித்து நின்றாய். எங்க அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, அவங்க சொல்வது உண்மை, இந்த ஆள் எங்களுக்கு உறவே இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாய். பிறகு அவனிடம் தமிழில், "நீ எனக்கு வேணாம். காரணம் கேக்காத, சொல்ல மாட்டேன். வேணாம். எங்க அம்மா கைய விடு" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. காவலுக்கு நின்ற சமோவாக்காரர் அவனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். உன் கடை முதலாளியம்மா போலீசுக்குப் போன் செய்தாள். அவன் என் கையை விட்டான். ஓடவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்து போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்கு மட்டும் கையசைத்தான்.

உனக்கு எப்போதும் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுத்தவள் நான். யார் எதைக் கொடுத்தாலும் சிரித்து வாங்கு, வேண்டாமென்றாலும் சிரித்துச் சொல், மனம் நோகாமல் சொல் என்று. அன்று நீ சிரிக்காமல், காரணம் சொல்லாமல் சொன்ன அந்த "வேணாம்" என் வளர்ப்பில் வந்ததில்லை. நீயாகக் கற்றுக்கொண்டாய். இனி எங்கே போனாலும் அதை மறந்துவிடாதே. காரணம் சொன்னால் ஆள் அந்தக் காரணத்தோடு வாதாட வந்துவிடுகிறான்.

போலீசார் கிடங்குக்குப் போய் அவனை எச்சரித்தார்கள். மறுநாள் அவன் வேலையை விட்டுவிட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை. போன் அடிப்பது நின்றுவிட்டது. அப்பாவைக் கேட்டேன். "ஆமா, ஒரு அம்மா வந்தாங்க. யமுனாதான் அனுப்பிச்சின்னு சொன்னாங்க. நல்ல மாதிரிதான் பேசுனாங்க, டீ போட்டுக் கொடுத்தேன்" என்றார் அவர். நான் என் பயணத்தைத் தள்ளிவைத்து உன் விசா முடியும்வரை அங்கேயே இருந்தேன். நாம் ரொட்டொருவாவில் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்தோம், கடற்கரைக்குப் போனோம், படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படங்களை எடுத்துப் பார். ஒன்றில்கூட நாம் இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஆக்லாந்திலேயே நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னபோது நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. உனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது, ஒருவனுக்காக ஒரு ஊரையே விட முடியாது என்றாய். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நேற்று நீ கோலாலம்பூர் போயிருந்த நேரத்தில் அந்தப் பையனின் அம்மா மறுபடி நம் வீட்டுக்கு வந்தாள். அப்பா பார்த்ததும் அடையாளம் கண்டு, உள்ளே வரச் சொல்லத் தோன்றாமல் எழுந்து நின்றுவிட்டார். மெலிந்துபோயிருந்தாள். செருப்பை விட்ட இடத்திலேயே நின்று பேசினாள். "ரெண்டு வருசமா அவன் வீட்டுக்கு வரல. எங்க இருக்கான்னுகூட சொல்றதில்ல. போன் மட்டும் பண்ணுவான். முந்தாநாள் பண்ணான். அவ்வளவு சந்தோசம் அவன் குரல்ல. யமுனா வெள்ளிக்கிழமை வருது, நான் ஏர்போர்ட்டுல நிப்பேன், எல்லாம் பேசி முடிச்சாச்சின்னான்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பேசி முடிச்சாச்சா?"

"இல்ல" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சி. அன்னைக்கு அவன் சொன்னதை நம்பித்தான் வந்தேன். இன்னைக்கு அவனுக்குத் தெரியாம வந்திருக்கேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன் என் பிள்ளை. இருந்தாலும் சொல்றேன். உங்க பொண்ணைத் தனியா அனுப்பாதீங்க."

டீ குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று நேற்றிலிருந்து நானும் அப்பாவும் யோசிக்கிறோம். தெரியவில்லை.

அவள் போனபின் நான் செய்யப்போன காரியத்தையும் எழுதிவிடுகிறேன். உன் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தேன். அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டால் போதும், தொலைந்துவிட்டது என்று எல்லாரும் தேடுவோம், விமானம் போய்விடும். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தேன். உனக்குத் தெரியாமல் உனக்காக முடிவெடுத்து, அதை அன்பு என்று சொல்லிக்கொள்ள அந்தப் பையனும்தானே பழகியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நீ களைத்து வந்து நேரே படுத்துவிட்டாய். ஒரு ராத்திரியாவது தூங்கட்டும் என்று விட்டேன்.

இன்று காலை நீ கிளம்பியதும் செல்வராணியைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளை வரட்டுமெண்டோ வரவேண்டாமெண்டோ நான் சொல்ல மாட்டன். வந்தா நான் எயாப்போட்டிலை நிப்பன். தனிய இல்லை, வேலையிடத்துப் பொம்பிளையளையும் கூட்டிக்கொண்டு வருவன். போலீசிட்ட இப்பவே போறன்" என்றாள். டிக்கெட் ஏஜென்சியிலும் விசாரித்தேன். அதே விமானத்தில் இடம் இருக்கிறது. அப்பா தன்னைப் போகச் சொல்கிறார், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. நான் என்னை என்கிறேன். எதுவும் வாங்கவில்லை. நீ சொல்லாமல் வாங்க மாட்டேன். பயண நாளை மாற்றலாம், அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், போகாமலே இருக்கலாம், எங்களில் ஒருவரோடு அதே விமானத்தில் ஏறலாம். எதைச் சொன்னாலும் நான் அழத்தான் செய்வேன், அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நீ முடிவு சொல், பக்கத்தில் நாங்கள் நிற்கிறோம்.

தெருமுனையில் நீ வருவதை அப்பா பார்த்துவிட்டார், எழுந்து வாசலுக்குப் போகிறார். வா. கைகால் கழுவுவது, சாப்பாடு எல்லாம் அப்புறம். முதலில் உட்கார்ந்து இதைப் படி.

அம்மா